எண்கும் மிதிவண்டி மணியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், ஒரத்தநாட்டில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



உரையின் தலைப்பைக் கேட்டதும் அவையில் ஒரு மெல்லிய நகை எழுந்தது. அது நியாயமான நகையே. ஒரத்தநாட்டிற்கும் கரடிக்கும் என்ன உறவு? கண்ணுக்கு எட்டிய தொலைவெல்லாம் நெல்வயல். வயலுக்கு வரம்பு வாய்க்கால். வாய்க்காலுக்குத் தாய் கல்லணைக் கால்வாய். மேட்டூர் அணை எழுந்த 1934-ஆம் ஆண்டு முதல் அக்கால்வாயின் நீர் இம்மேட்டு நிலத்தையும் மருதமாக்கியது. மருதத்தின் கருப்பொருள்களை அகப்பொருள் இலக்கணம் வகுக்கும்போது எருமையைச் சொல்லும், நீர்நாயைச் சொல்லும். கரடியைச் சொல்லாது. அது குறிஞ்சிக்கு உரிய விலங்கு. புலியோடும் யானையோடும் சேர்த்து எண்ணப்படுவது.

அப்படியிருக்க, மருத நிலத்துக் கவிஞர் அவையில் கரடியைப் பற்றிப் பேசுவது திணை வழு ஆகாதா? ஆகாது என்பதை நிறுவுவதே இவ்வுரையின் நோக்கம். அதனினும் மேலாக ஒன்று உண்டு. மலையடிவாரத்துச் சிற்றூர்களில், வீட்டிற்கும் வேலைக்கும் இடையே, மிதிவண்டியிலும் மோட்டார் வண்டியிலும் செல்லும் எளிய மக்கள் இன்று கரடியை எதிர்ப்படுகின்றனர். அந்த எதிர்ப்பாட்டைத் தமிழ்க் கவிதை எவ்வாறு காண வேண்டும் என்பதே இங்குக் கேட்கப்படும் வினா.

டெல்டாவிற்குக் கரடி வந்த வழி

கரடி இந்நிலத்திற்குக் காலால் நடந்து வரவில்லை, ஓசையாக வந்தது. சிலப்பதிகாரத்திற்கு உரை கண்ட அடியார்க்குநல்லார், தோற்கருவிகளை வரிசைப்படுத்தும் இடத்தில் கரடிகை என்னும் கருவியையும் வைக்கிறார். கரடி கத்தினாற் போன்ற ஓசையை உடைமையால் அதற்கு அப்பெயர் வந்தது என்று காரணமும் கூறுகிறார். காட்டு விலங்கின் குரலைத் தோலில் கட்டி இசையாக்கிய மரபு தமிழருடையது.

'சிவபூஜையில் கரடி புகுந்தாற் போல' என்னும் பழமொழியை அறியாதார் இங்கு இலர். நல்ல செயலுக்கு இடையே புகுந்து கெடுப்பவரைச் சுட்ட அது வழங்குகிறது. ஆனால் அங்கே குறிக்கப்படுவது விலங்கன்று, இந்தக் கரடிகைக் கருவியே என்று விளக்குவோரும் உளர். பூசையின் உச்சத்தில் அப்பறை முழங்கியதாம். கருவி மறைந்தது, பெயர் மட்டும் நின்றது, பெயரைக் கேட்டோர் விலங்கைக் கற்பனை செய்துகொண்டனர் என்பது அவர்தம் கருத்து. அவ்விளக்கம் முற்றும் சரியா என்பது ஒருபுறம் இருக்க, அது கற்பிக்கும் பாடம் ஒன்று உண்டு. அருகில் இல்லாத உயிரைப் பற்றி மனிதர் பேசும்போது, அவ்வுயிர் விரைவில் உவமையாகி, உவமை விரைவில் வசையாகி விடுகிறது.

அடுத்து, கதையாகவும் கரடி வந்தது. தேரழுந்தூரில் பிறந்த கம்பரின் காவியத்தில் சாம்பவன் எண்குக் கூட்டத்தின் தலைவன். கடலைத் தாண்டுவது யார் என்று அனைவரும் தயங்கி நிற்கும் வேளையில், அனுமனுக்கு அவன் ஆற்றலை எடுத்துரைத்தவன் அவன்தான். வயதில் மூத்தவன், அறிவில் மூத்தவன், சொல்லால் பிறர் வலிமையை எழுப்பியவன். காவிரிக் கரைக் கவிஞர் ஒருவர் கரடிக்குத் தந்த இடம் அது.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு. அதைச் சொல்லுதற்கு நா கூசும். மூக்கில் துளையிட்டுக் கயிறு கோத்த கரடியை ஊர் ஊராக நடத்தி வந்து ஆட்டம் காட்டியோரை முதியோர் அறிவர். குழந்தையின் அச்சம் தீரும் என்று கரடி முடியைத் தாயத்தில் அடைத்துக் கட்டினர். குழந்தையைக் கரடியின் முதுகில் ஏற்றி இறக்கினர். பல்லைத் தட்டி, நகத்தை வெட்டி, அச்சத்தினாலேயே ஆட வைக்கப்பட்ட ஓர் உயிரின் முடி, மனிதக் குழந்தையின் அச்சத்தைப் போக்கும் என்று நம்பப்பட்டது. 1998-இல் நடுவண் அரசு கரடி முதலிய விலங்குகளைக் காட்சிக்காகப் பழக்குவதைத் தடை செய்தது. 2009-இன் இறுதியில், நாட்டின் கடைசி ஆடும் கரடி எனச் சொல்லப்பட்ட ராஜு, பெங்களூரை அடுத்த பன்னர்கட்டாவின் காப்பகத்தை அடைந்தது. தெருவில் கரடி வருவது அதனோடு முடிந்தது. தஞ்சைத் தரணியில் பிறந்த இளங்கவிஞர்க்குக் கரடி என்பது இன்று படத்தில் காண்பதொன்றே.

பெயர்களில் பொதிந்த அறிவு

ஆனால் தமிழ்ச் சொற்கள் கரடியை நேரில் கண்டவை. எண்கு, உளியம், எலு, பல்லம், குடாவடி என நிகண்டுகள் அதற்குப் பல பெயர் தருகின்றன. இவற்றுள் குடாவடி என்னும் ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம். குடா என்பது வளைவு. அடி என்பது பாதம். உள்நோக்கி வளைந்த பாதங்களை ஊன்றி, உடல் இருபுறமும் அசைய நடக்கும் நடை அச்சொல்லில் அப்படியே பதிந்துள்ளது. அந்நடையைப் பின்னிருந்து கண்ட ஒருவரே அப்பெயரை இட்டிருக்க முடியும்.

சொல்லின் இத்தெளிவை அயலவர் அடைந்திலர். 1791-இல் ஜார்ஜ் ஷா என்னும் ஆங்கில இயற்கை நூலறிஞர், இந்தியக் கரடியின் நீண்ட நகங்களைக் கண்டு, தென்னமெரிக்க மரங்களில் தலைகீழாகத் தொங்கி வாழும் மந்த விலங்கின் இனத்தில் அதனைச் சேர்த்துவிட்டார். பிழை பின்னர்த் திருத்தப்பட்டது. ஆயினும் ஆங்கிலப் பெயரில் சோம்பல் என்னும் பழி இன்றும் நிற்கிறது. தமிழில் அதனைத் தேன்கரடி என வழங்குவது இயல்புக்குப் பொருந்துகிறது.

இக்கரடியின் உடலமைப்பே ஒரு தொழிற்கருவி. அதன் முன்னங்கால் நகங்கள் ஏறத்தாழ விரல் நீளம் உடையவை. இறுகிய புற்றை உடைப்பதற்கென்றே வளர்ந்தவை. மேல்வாயின் நடு இரண்டு பற்கள் அதற்கு இல்லை. அந்த இடைவெளி வழியே காற்றை ஊதிப் புழுதியை அகற்றும். பின் உதடுகளைக் குவித்துக் கறையானை உறிஞ்சும். மண் புகாதபடி மூக்குத் துளைகளைத் தானே மூடிக்கொள்ளும். அது உறிஞ்சும் ஓசை நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். கறையானோடு கூட, புற்றினுள் கறையான் வளர்க்கும் பூஞ்சைக் கூட்டையும் உண்ணும். அக்கூட்டிற்குச் சங்கத் தமிழ் குரும்பி என்று தனிப்பெயர் வைத்திருந்தது. இரவில் எண்கு புற்றை அகழ்ந்து குரும்பி தின்பதையும், கூட்டமாக வந்து இருப்பைப் பூவை, அதாவது இலுப்பைப் பூவை, உண்பதையும் சங்கப் புலவர் பாடியுள்ளனர். இன்றைய விலங்கியலார் கரடியின் உணவுப் பட்டியலில் முதலில் எழுதுவனவும் இவைபோன்ற கறையான், எறும்பு, தேன், இலுப்பைப் பூ, கனி வகைகளே. அவர்கள் ஆய்ந்து எழுதியதைப் புலவர் பார்த்து எழுதினர்.

வழியின் அருமை

சங்கப் பாடல்களில் கரடி எங்கே வருகிறது என்பதைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். பெரும்பாலும் அது வழியில் வருகிறது. இரவுக்குறியில் தலைவியைக் காணத் தலைவன் மலைவழியே வருகிறான். அவன் வரும் நெறியில் யானை உண்டு, புலி உண்டு, பாம்பு உண்டு, புற்றகழும் எண்கும் உண்டு. வரவேண்டும் என்னும் விருப்பமும், வரும் வழியில் என்ன நேருமோ என்னும் நடுக்கமும் தலைவியின் நெஞ்சை இருபுறமும் இழுக்கின்றன. தோழி அதனை எடுத்துரைக்கிறாள். இரவில் வாராதே என்கிறாள். மணந்துகொள் என்பது அதன் உட்பொருள்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. அப்பாடல்களில் எண்கு யாரையும் தேடி வருவதில்லை. அது தன் இரையை அகழ்ந்துகொண்டிருக்கிறது. தலைவனும் தன் காதலைத் தேடிச் செல்கிறான். இரண்டு தேடல்களும் ஒரே சிறுவழியில் குறுக்கிடுகின்றன, அவ்வளவே. புலவர் கரடியின் மேல் குற்றம் சாற்றவில்லை. அதன் கையின் வலிமையை மறைக்கவும் இல்லை. அச்சத்தை மட்டும் அதற்குரிய இடத்தில், காத்திருக்கும் ஒருத்தியின் நெஞ்சில், வைத்தனர். இதனினும் நேர்மையான பார்வை வேறு என்ன இருக்க முடியும்?

இன்றைய சிறுவழிகள்

இனி, இன்றைய காலத்திற்கு வருதல் தகும். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தமிழ் பிறந்த மலை எனப் போற்றப்படும் பொதியிலின் சரிவில், களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் இருக்கிறது. அதன் விளிம்பில் கடையம், சிவசைலம், பாபநாசம் முதலிய ஊர்கள் உள்ளன. காடு முடியும் இடத்திலேயே தோப்பு தொடங்குகிறது. தோப்பு முடியும் இடத்திலேயே வீடு தொடங்குகிறது.

2022-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், தென்காசி மாவட்டத்தின் கடையத்தை அடுத்த அப்பகுதியில், மசாலாப் பொருள்களை ஏற்றிக்கொண்டு இருசக்கர வண்டியில் விற்பனைக்குச் சென்ற ஒருவரைக் கரடி தாக்கியது. அவரை மீட்க ஓடி வந்த இருவரையும் தாக்கியது. மூவரும் கொடிய காயம் அடைந்தனர். வனத்துறையினர் மயக்க மருந்து செலுத்தி அக்கரடியைப் பிடித்துக் காட்டில் கொண்டு விட்டனர். கரடியும் பிழைக்கவில்லை, சில நாட்களுக்குள் இறந்து கிடந்தது.

இச்செய்தியில் வென்றவர் யார்? சிற்றூர்களுக்கு மிளகும் மல்லியும் கொண்டுசெல்லும் எளிய வணிகர் தம் அன்றாட வழியில் சென்றார். அவர் காட்டிற்குள் புகவில்லை, வேட்டைக்குப் போகவில்லை. ஓடி வந்த இருவர் செய்தது அறம். பிறர் துன்பம் கண்டு நில்லாமை. அவர்கள் அறத்திற்கு உடலால் விலை கொடுத்தனர். கரடியோ, தனக்கு மனிதர் இரையல்லர் என்பதை அறிந்த விலங்கு, அஞ்சியதால் தாக்கியது, அதற்கு உயிரால் விலை கொடுத்தது. ஒரு குறுகிய வழியில் ஒரு நொடி தவறியதற்கு நான்கு உயிர்கள் துன்புற்றன.

நீலகிரியின் நிலை வேறு வகையானது. அங்கு ஏற்ற இறக்கம் மிகுதியாதலால் மிதிவண்டி அரிது. தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் நடப்போரே மிகுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் சோலைக்காடுகள் துண்டு துண்டாகித் தேயிலையாயின. இரண்டு சோலைகளுக்கு இடையே கரடி செல்ல வேண்டுமாயின் தோட்டத்தையும் குடியிருப்பையும் கடந்தே ஆக வேண்டும். செல்லும் வழியில் புற்றைவிட எளிதான உணவை அது கண்டுகொண்டது. கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் கரடிகள் இரவில் கதவை உடைத்துக் கடைகளிலும் சத்துணவுக் கூடங்களிலும் புகுகின்றன; அரிசியையும் வெல்லத்தையும் எண்ணெயையும் உண்கின்றன. கோயிலுக்குள் புகுந்து விளக்கெண்ணெயைக் குடித்துச் செல்கின்றன. பழமொழிக்குள் கருவியாகப் புகுந்ததோ விலங்காகப் புகுந்ததோ என்று அறிஞர் வாதிட்ட கரடி, இன்று மெய்யாகவே சந்நிதிக்குள் நிற்கிறது. ஆயின் அது பூசையைக் கெடுக்க வரவில்லை, பசிக்கு வந்தது.

இலங்கையின் வன்னிக் காட்டுத் தமிழர்க்கும் இவ்வறிவு பழையது. அங்கே பாலை மரம் பழுக்கும் பருவத்தில் மக்கள் அப்பழத்தைத் தேடிக் காட்டிற்குச் செல்வர். அதே பழத்திற்குக் கரடியும் மரம் ஏறும். தேன் எடுக்கச் செல்வோர்க்கும் கரடிக்கும் குறி ஒன்றே. காட்டில் சிறுத்தையைவிடக் கரடிக்கே மிகுதியாக அஞ்ச வேண்டும் என்று அம்மக்கள் சொல்வது பட்டறிவு. ஒரே உணவை நாடும் இரண்டு உயிர்கள் ஒரே மரத்தடியில் சந்திக்கின்றன. அதனைப் பகை என்பதைவிடப் பங்கு என்பதே பொருந்தும்.

ஓசையற்ற ஊர்தி

இனி, மிதிவண்டி. இவ்வுரையின் மையம் இதுவே.

மிதிவண்டியை ஏழையின் தேர் என்பர். அதற்கு எரிபொருள் வேண்டா, புகை இல்லை, ஓசையும் இல்லை. இந்த ஓசையின்மை நகரத்தில் நற்குணம். கரடி வழங்கும் வழியில் அதுவே இடர். கரடிக்கு மோப்பம் கூர்மை. பார்வை அத்துணைக் கூர்மையன்று. தலையைப் புற்றுக்குள் நுழைத்து உறிஞ்சிக்கொண்டிருக்கையில், தன் உறிஞ்சல் ஓசையே அதன் காதை நிறைத்திருக்கும். காற்று எதிர்ப்புறம் வீசினால் மோப்பமும் துணை செய்யாது. அப்போது வளைவைத் திரும்பி ஓசையின்றி விரைந்து வரும் வண்டி, கரடியின் கணக்கில், திடீரெனப் பாய்ந்த ஒரு பகை விலங்கு. புலியோடு ஒரே காட்டில் பல்லாயிரம் தலைமுறை வாழ்ந்த இவ்விலங்கு, நெருங்கிவிட்ட பகைக்கு முதுகு காட்டாமல் எதிர்த்துப் பாய்வதையே காப்பாகக் கொண்டது. குட்டிகளை முதுகில் ஏற்றிச் செல்லும் தாய்க்கரடியாயின் சொல்லவே வேண்டா.

அமெரிக்க நாட்டின் மொன்டானா மாநிலத்தில், கிளேசியர் தேசியப் பூங்காவை ஒட்டி, ஊர்க்கு அருகிலேயே உள்ள காட்டு வழியொன்றில், 2016 ஜூன் 29 அன்று மிதிவண்டியில் சென்ற ஒருவர் கரடியொன்றின் மேல் மோதி, அதனால் கொல்லப்பட்டார். அவர் காட்டுத் துறையிலேயே பணியாற்றியவர். கரடியை அறியாதவர் அல்லர். ஆய்வுக்குழு கண்டறிந்தது இது: வண்டியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 32 முதல் 40 கிலோமீட்டர், வளைவில் எதிரே இருப்பது புலப்படவில்லை, கண்டதற்கும் மோதியதற்கும் இடையே இருந்தது ஒன்றிரண்டு நொடியே. அங்குள்ள கரடி இனம் வேறு, காடு வேறு. காரணம் மட்டும் ஒன்று. இரு தரப்புக்கும் அறிந்துகொள்ள நேரம் கிட்டவில்லை.

சப்பானிய மக்கள் இதற்கு ஓர் எளிய வழி வைத்துள்ளனர். கரடி மணி என்று பெயரிட்ட சிறு மணியை மலை ஏறுவோர் இடையிலோ பையிலோ கட்டிக்கொள்வர். மலையோரச் சிற்றூர்களில் பள்ளிக்குச் செல்லும் சிறுவர் பையிலும் அம்மணி ஒலிக்கும். நாட்டுப்புற ஊர்களில் மக்கள் குறைந்து, தோட்டங்கள் பாழ்பட்டு, காட்டில் கொட்டை விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில் அங்கே கரடிகள் ஊருக்குள் மிகுதியாக வந்தன. 2025-ஆம் ஆண்டில் மட்டும் பத்துக்கும் மேற்பட்டோர் உயிர் இழந்தனர். மணி ஒன்றே எல்லாவற்றையும் காத்துவிடும் என்பதில்லை. ஆயினும் அது சொல்லும் செய்தி உயர்ந்தது. 'இங்கே ஒருவர் வருகிறார், நீ அறிந்துகொள், உனக்கு விலக நேரம் தருகிறேன்' என்பது அச்செய்தி.

கரடி உலவும் பகுதியில் வாழ்வோர்க்கு வனத்துறையினரும் அறிந்தோரும் கூறும் அறிவுரையும் இதன் வழிப்பட்டதே. விடியலுக்கு முன்னும் அந்திக்குப் பின்னும் தனியே செல்லாதீர், குழுவாகச் செல்லுங்கள், பேசிக்கொண்டு செல்லுங்கள், வளைவில் வேகத்தைக் குறைத்து மணி அடியுங்கள், தொலைவில் கரடியைக் கண்டால் நின்று, வந்த வழியே மெல்லப் பின்வாங்குங்கள், கல் எறியாதீர், ஓடாதீர், அது மனிதரைவிட விரைந்து ஓடும், மரம் ஏறாதீர், அதுவும் ஏறும், அரிசியையும் எண்ணெயையும் கழிவையும் வெளியில் வைக்காதீர். இவற்றுள் ஒன்றிலேனும் கரடியை வெல்லும் வழி சொல்லப்படவில்லை. எல்லாம் அதற்கு முன்னறிவிப்புத் தரும் வழிகளே.

மருதத்தின் மரியாதை

இந்த முன்னறிவிப்பு மருத நிலத்திற்குப் புதியதா? இல்லை. நள்ளிரவில் முறைநீர் பாய்ச்சச் செல்லும் உழவரை எண்ணிப் பார்க்கலாம். மிதிவண்டியை மதகடியில் சாய்த்துவிட்டு, ஒரு கையில் மண்வெட்டி, மறுகையில் கைவிளக்கு. வரப்பில் கால் வைக்குமுன் மண்வெட்டிக் காம்பால் தரையைத் தட்டுவார்; கனைத்துக்கொள்வார்; தனியாக இருந்தாலும் ஏதேனும் ஒரு பாட்டின் பாதியை முணுமுணுப்பார். வரப்பு வளையில் எலி தேடிக் கிடக்கும் விரியனுக்கும் நல்லபாம்புக்கும் அத்தட்டு ஓர் அறிவிப்பு. 'வருகிறேன், வழிவிடு' என்பது. பாம்பைக் கொல்வதற்காக அவர் வரவில்லை. அவரைக் கடிப்பதற்காகப் பாம்பும் கிடக்கவில்லை. வீட்டில், திண்ணை விளக்கை அணைக்காமல், வண்டி ஓசை கேட்கும் வரை ஒருத்தி விழித்திருக்கிறாள். அவள் குறிஞ்சித் தலைவியின் தங்கை.

கடையத்து வணிகர் வீட்டிலும் அன்று ஒருவர் காத்திருந்திருப்பார். கோத்தகிரித் தேயிலைப் பாதையில் அந்தியில் திரும்பும் தொழிலாளிக்காக ஒரு வீடு காத்திருக்கும். செய்தித்தாள் கரடியின் சீற்றத்தை எழுதும். காயத்தின் அளவை எழுதும். இழப்பீட்டுத் தொகையை எழுதும். காத்திருந்த நெஞ்சை எழுதாது. அதனை எழுதுதல் கவிஞர் கடன். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் புலவர் எழுதியது அதைத்தான்.

தொல்காப்பியம் உரிப்பொருள் மயங்குதலை ஒப்பவில்லை; மற்றவை மயங்க இடம் தந்தது. எனவே மருதக் கவிஞர் கரடியைப் பாடுதல் திணை வழு ஆகாது. ஆயின் ஒரு கட்டுப்பாடு வேண்டும். காணாத விலங்கைக் கற்பனையால் பெருக்கி அரக்கனாக்குதல் எளிது. குழந்தைப் பொம்மையாக்கிக் கொஞ்சுதலும் எளிது. இரண்டுமே மூக்கில் கயிறு கோத்தலின் வேறு வடிவங்கள். கவிஞரின் விருப்பத்திற்குக் கரடியை ஆட வைத்தல். குடாவடி என்று பெயரிட்டவர் அவ்வாறு செய்யவில்லை. குரும்பி என்று பெயரிட்டவர் அவ்வாறு செய்யவில்லை. அவர்கள் பார்த்தனர், அது என்ன செய்கிறது என்று அறிந்தனர், பின்னரே சொல்லெடுத்தனர்.

பத்தாண்டுகளாக இவ்வட்டம் திங்கள்தோறும் கூடிக் கவிதை படித்து வருகிறது. உறுப்பினர் பலர் சுற்றுவட்டச் சிற்றூர்களிலிருந்து மிதிவண்டியில் வந்து, கூட்டம் முடிந்தபின் இருளில் திரும்புவர் என்பது யாவரும் அறிந்ததே. வாய்க்கால் கரையின் வளைவில் அவர்கள் மணியை ஒருமுறை அடிப்பர். எதிரே யாரும் இல்லை என்று தெரிந்தும் அடிப்பர். அது பழக்கம் என்று தோன்றலாம்; உண்மையில் அது ஒரு நாகரிகம். கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர் அங்கே இருக்கக்கூடும் என ஒப்புக்கொள்ளுதல்; அதற்கும் அவ்வழியில் உரிமை உண்டு என ஏற்றுக்கொள்ளுதல்.

நல்ல கவிதையின் தொழிலும் அதுவே எனலாம். பாட்டு என்பது முதலில் கேட்போர்க்கு மகிழ்வு தருவதாக இருந்திருக்கலாம். அல்லது காட்டு வழியில் செல்வோர் தம் வரவை அறிவிக்க எழுப்பிய குரலாகவும் இருந்திருக்கலாம். எதுவாயினும், பொதியிலின் அடிவாரத்தில் அந்தியில் வண்டி மிதித்துச் செல்லும் ஒருவர், அச்சம் நீங்க உரக்கப் பாடிச் செல்வாராயின், அப்பாட்டு இருவரைக் காக்கிறது. ஒருவர் வண்டியில் இருக்கிறார். மற்றொன்று புற்றிலிருந்து தலை தூக்கிச் செவி கொடுத்து, குடாவடிகளை ஊன்றி, புதர்க்குள் மெல்ல விலகிச் செல்கிறது. பாடியவர் வீடு சேர்கிறார். விளக்கு அணைகிறது.

அத்தகைய பாட்டுகள் இவ்வட்டத்திலிருந்தும் எழுக!